கெம்பின் சிவப்பு மாறாத படங்கள்: ஒரு டிசைன் மாணவிக்கு நகை போட்டோ வேலை கொடுத்த அனுபவம்

நாகர்கோவில் வடசேரியில் எங்கள் வீட்டை ஒட்டிய பட்டறையில் கோயில் நகை செய்கிறோம். நாட்டியம் ஆடுகிறவர்களுக்கான தலைசாமான் (தலையில் அணியும் நகை செட்), அட்டிகை, மாங்காய் மாலை, ஒட்டியாணம், வங்கி (மேல்கையில் போடுவது), இவைதான் பெரும்பாலும். நகை வேலையை அப்பாவும் ஆசாரிமாரும் பார்க்கிறார்கள். ஆர்டர் பிடிப்பது, பேக்கிங், கணக்கு, படம் போடுவது எல்லாம் என் பொறுப்பு. இந்த வருடம் காட்டலாக்கையும் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் புதிதாகச் செய்ய, சென்னையில் டிசைன் படிக்கும் ஒரு மாணவிக்கு அந்த வேலையைக் கொடுத்தேன். படங்களைப் பார்த்த நகைக்காரர்கள், புடவைக்காரர்கள், டான்ஸ் டீச்சர்கள் எல்லாரும் "யார் எடுத்தது, எவ்வளவு ஆச்சு, நம்பிக் கொடுக்கலாமா" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே விவரமாக எழுதிவிடுகிறேன். படிப்பு முடிகிறவரை பெயர் போட வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் பெயர் மட்டும் இருக்காது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகக் கொடுக்கலாம். அவசர வேலைக்கு மட்டும் வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். "படம் அழகாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவள் செய்த வேலையில் பாதிகூடத் தெரியாது. எங்கள் நகை உண்மையில் எப்படி இருக்குமோ அப்படி வாங்குபவர் கண்ணுக்குத் தெரிய வைத்தாள். அதுவும் 'கிரியேட்டிவ்' என்று பேர் போட்டு எடுத்த படங்களில்தான் அது அதிகம் தெரிந்தது.

வடசேரி நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இருந்தும், அது எப்படிச் செய்யப்படுகிறது என்பது அதை அணிகிறவர்கள் பலருக்கே தெரியாது. வெள்ளித் தகட்டை அளவுக்கு வெட்டி, அதன்மேல் மெல்லிய வெள்ளிப் பட்டையை நிறுத்திப் பற்றவைத்து, கல்லுக்குக் கல் குழி அமைப்பார்கள். அந்தக் குழிகளில் அரக்கை உருக்கி நிரப்பி, அதன்மேல் சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக் கல்லை ஒவ்வொன்றாக உட்கார வைப்பார்கள். பிறகு கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடத்தில் தங்க ரேக்கை, அதாவது மிக மெல்லிய தங்கத் தகட்டை, வைத்து அழுத்தி அழுத்திப் படிய வைப்பார்கள். நீங்கள் முன்னால் பார்க்கும் தங்க நிறம் அந்த ரேக்குதான். பின்பக்கம் வெள்ளி. எல்லாமே கை வேலை என்பதால் ஒரு கல் அடுத்த கல்லைவிட ஒரு நூல் உயரமாக நிற்கும், ரேக்கின் ஓரம் ஓர் இடத்தில் சற்றே வளையும்.

இப்போது கடைத்தெருவில் 'டெம்பிள் செட்' என்று கிடைப்பதில் பெரும்பகுதி செம்பிலோ பித்தளையிலோ அச்சில் வார்த்து, மேலே தங்க நிற பாலிஷ் கொடுத்து, கண்ணாடிக் கல்லைப் பசை வைத்து ஒட்டியது. அதை நான் குறை சொல்லவில்லை. சலங்கை பூஜைக்குப் பிள்ளைக்கு ஒரு செட் வேண்டும் என்று வரும் அம்மா அப்பாவுக்கு அதுதான் கட்டுப்படியாகும். எனக்கு இருந்த தொல்லை வேறு. வெள்ளைப் பின்னணியில், நேர் மேலிருந்து, பளீரென்ற வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டால் அந்த செட்டும் எங்கள் செட்டும் ஒன்றுபோலவே இருக்கும். பல நேரம் அச்சில் வார்த்ததுதான் இன்னும் ஒழுங்காக, இன்னும் பளபளப்பாகத் தெரியும். அப்புறம் "அங்கே இதே மாடல் இவ்வளவுதானே, நீங்கள் ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள்" என்று கேள்வி வரும். போனில் எப்படி விளக்கினாலும் எடுபடாது.

இதற்கு முன் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படங்களில் கெம்பு ரோஸ் கலராக இருந்தது. இன்னோர் இடத்தில் மாதுளை நிறத்துக்கும் பழுப்புக்கும் நடுவே ஏதோ ஒன்றாக வந்தது. வாங்கியவர் பார்சலைப் பிரித்துவிட்டு, "படத்தில் இருந்த கலர் இல்லையே" என்பார். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு.

இந்த மாணவியின் பழைய வேலைகளைப் பார்த்தபோது ஒன்று எனக்குப் பிடித்தது. 2020-ஆம் வருடத்துக்கு நடிகை சுஹாசினியின் 'நாம்' அமைப்பு கொண்டுவந்த காலண்டரில் புகைப்படக் கலைஞர் ஜி. வெங்கட் ராம், ரவிவர்மா ஓவியங்களை நடிகைகளை வைத்துப் புகைப்படமாக எடுத்திருந்தார். நல்ல வேலை அது. அதற்கப்புறம் நகைக்காரர், புடவைக்காரர், மேக்கப் கலைஞர் என்று எல்லாரும் அதே சாய்வு, அதே திரைச்சீலை, அதே மங்கல் வெளிச்சம் என்று எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவள் கல்லூரி வேலைக்காக எடுத்த தொகுப்புகளில் அந்த வாடையே இல்லை. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் விரல்களை எடுத்திருந்தாள். ஒரு வயதான அம்மாவின் பாம்படத்தை, தொங்கும் காதோடு, முகம் காட்டாமல் தோள்வரை மட்டும் எடுத்திருந்தாள். பாம்படத்தின் எடை அந்தக் காதுச் சோணையில் தெரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இவளிடம் பேசலாம் என்று தோன்றியது.

வந்தவள் உடனே கேமராவை எடுக்கவில்லை. பட்டறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். சாமணத்தால் கல்லை எடுப்பது, ஊதுகுழலால் உமியோட்டுத் தீயை ஊதுவது, ரேக்கை அழுத்துவது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நோட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். "இந்தக் கல்லுக்கு அடியில் என்ன இருக்கு தாத்தா? ரேக்கு எந்தப் பக்கத்தில் முடியுது? இதைப் போட்டால் உடம்பில் முதலில் எது படும்?" என்று கேட்டபடியே இருந்தாள். எங்கள் மூத்த ஆசாரிக்கு வேலை நேரத்தில் பேச்சு பிடிக்காது. அவரே அன்றைக்கு ஒரு ராக்கொடியை (கொண்டையில் வைக்கும் வட்ட நகை) திருப்பி வைத்து, பழைய நகையைக் கல் மாற்றிக் கட்டும்போது அரக்கை எப்படி இளக்குவது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒட்டியாணத்தைச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் வைத்து எடுக்கலாம் என்று அவள் கீழே விரித்தபோது மட்டும் அவர் எழுந்து வந்துவிட்டார். "மக்ளே, இது சாமிக்கும் போடுத நகை. நடக்குத எடத்துல வைக்காத, கேட்டியா" என்றார். அவள் மறுபேச்சு பேசவில்லை. பட்டறையில் கிடந்த, தீக்கங்கு விழுந்து கரிப்புள்ளி பிடித்த பழைய பலகையை எடுத்து, இரண்டு ஸ்டூல் மேல் வைத்து, அதில் ஒட்டியாணத்தை வளைத்து வைத்தாள். அந்தப் பலகைதான் பிறகு பல படங்களுக்குப் பின்னணியாக வந்தது. கரி நிறத்துக்கு மேல் கெம்பு எப்படி நிற்கிறது என்று பார்த்தால் புரியும்.

வெளிச்சத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். நகைப் படத்தில் பாதிக்குமேல் அதுதான்.

கெம்புக் கல் பட்டை தீட்டிய வைரம் மாதிரி இருக்காது. மேல்புறம் வழவழவென்று உருண்டு நிற்கும். அதனால் எதிரில் எத்தனை விளக்கு இருக்கிறதோ அத்தனை வெள்ளைப் புள்ளி ஒவ்வொரு கல்லிலும் விழும். ஸ்டுடியோவில் நாலு பக்கமும் விளக்கு வைத்தால் ஒரு கல்லுக்கு நாலு புள்ளி. ஓர் அட்டிகையில் எத்தனை கல் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்லின் நிறம் போய்ப் புள்ளிகள்தான் தெரியும். இவள் பெரும்பாலும் ஒரே விளக்கைத்தான் வைத்தாள். அதற்கு முன்னால் பட்டர் பேப்பரை அகலமாகக் கட்டி வெளிச்சத்தை மென்மையாக்கினாள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. கல்லுக்கு ஒரே ஒரு ஒளி, அதுவும் ஓரத்தில் பிறை மாதிரி சாய்ந்து விழுந்தது. மிச்ச இடமெல்லாம் கல்லின் சொந்த நிறம். ஜன்னலைச் சாத்தி, டியூப் லைட்டையும் அணைத்துவிட்டாள். இரண்டு விதமான வெளிச்சம் கலந்தால் வெள்ளி ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வந்துவிடுமாம். எங்கள் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது.

தங்கம் கண்ணாடி மாதிரிதான், எதிரில் இருப்பதையெல்லாம் வாங்கிக் காட்டும். எடுக்கிறவர் சட்டை, கேமரா, சுவர் எல்லாம் அதில் விழும். இவள் வேலை நடந்தபோது கறுப்புச் சட்டைதான் போட்டிருந்தாள். கறுப்பு அட்டையை விரல் அகலப் பட்டைகளாக வெட்டி வைத்துக்கொண்டு, நகைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கேமராவில் விழாதபடி நிறுத்துவாள். ரேக்கின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். உடனே ரேக்கு எங்கே முடிகிறது, கல் எங்கே ஆரம்பிக்கிறது, கல் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பது பளிச்சென்று தெரியும். அட்டையை எடுத்தால் எல்லாம் ஒரே மஞ்சளாகிவிடும். அந்தப் பட்டையை ஒரு முறை வைத்தும் ஒரு முறை எடுத்தும் எனக்குக் காட்டினாள். அச்சில் வார்த்த நகைக்கும் எங்கள் நகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் போனில் சொல்லிச் சொல்லிப் பார்த்த எனக்கு, அது அந்த இரண்டு படத்தில் கிடைத்துவிட்டது.

சிவப்பு நிறம் ஏன் கெடுகிறது என்பதையும் அவளிடம்தான் தெரிந்துகொண்டேன். கேமரா சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அளக்கிறது. மொத்தப் படமும் சரியான வெளிச்சத்தில் இருப்பதாகக் காட்டும்போதே சிவப்பு மட்டும் உச்சியை முட்டி நின்றுவிடும். அப்படி முட்டிவிட்டால் கல்லுக்குள் இருக்கும் ஆழமும் நிழலும் போய், பெயின்ட் அடித்த மாதிரி ஒரே சிவப்பாகிவிடும். அதனால் அவள் திரையில் சிவப்பின் வரைபடத்தை மட்டும் தனியாகப் பார்த்து, படத்தை வேண்டுமென்றே சற்று இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் மற்றதை ஏற்றுகிறாள். எல்லாமே ரா ஃபைலாகத்தான் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுப்பாள்.

விளக்கிலும் விஷயம் இருக்கிறது. எல்இடி விளக்குப் பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கான அளவு அது. அந்த எண்ணைக் கணக்கிடும்போது எட்டு மென்மையான நிறங்களைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆழ்ந்த சிவப்பு அதில் சேராது, அதை ஆர்9 என்று தனியாக அளக்கிறார்கள். ஆகவே சிஆர்ஐ எண் நன்றாக இருந்தும் ஆர்9 குறைவாக உள்ள விளக்கில் கெம்பு மங்கிப் பழுப்பாகத் தெரியும். குங்குமம், அரக்குப் பட்டு, செம்பருத்தி எதுவானாலும் இதே கதைதான். நகை, புடவை வியாபாரம் செய்கிறவர்கள் கடைக்கு விளக்கு வாங்கும்போதும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அவள் முடித்துக் கொடுத்த படங்களை லேப்டாப்பில் திறந்து வைத்து, அதே நகையை வாசல் வெளிச்சத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். கெம்பு கெம்பாகவே இருந்தது. பச்சைக் கல் சில படங்களில் கொஞ்சம் கறுத்திருந்தது. சொன்னதும் சரி செய்தாள்.

காட்டலாக் படங்களைப் பற்றி இவ்வளவு போதும். ஒரு உருப்படிக்கு முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என மூன்று கோணம், கூடவே கையிலோ கழுத்திலோ வைத்து அளவு தெரிய ஒன்று. ஜிமிக்கி மாதிரி உயரமான சாமானைக் கிட்டத்தில் எடுத்தால் மேல்பகுதி தெளிவாக இருக்கும்போது அடியில் தொங்கும் முத்து மங்கிவிடும். அதற்காக ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறாள். நேரம் பிடிக்கிற வேலை, ஆனால் தொங்கட்டான் வரை துல்லியமாக வருகிறது.

நான் சந்தோஷப்பட்டதும் சண்டை போட்டதும் அவளுடைய சொந்த யோசனையில் எடுத்த தொகுப்புகளில்தான்.

முதல் தொகுப்பில் எல்லா நகையும் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். அட்டிகையின் முதுகு, வங்கியின் உட்புறம், ராக்கொடியின் அடித்தகடு, திருகாணியின் மரை. கரிப்பலகை மேல் அரத்துக்கும் சாமணத்துக்கும் பக்கத்தில் அவை கிடக்கும். வெள்ளித் தகட்டில் பற்றவைத்த தடம், அரம் ராவிய கோடு எல்லாம் தெரியும். இதைப் போட்டால் யார் வாங்குவார்கள் என்றுதான் அப்பா கேட்டார். எனக்கோ பார்த்தவுடனே பிடித்துவிட்டது. பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் அச்சில் வார்த்ததா கையில் செய்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. அதில் ஒரு படம், பழுதுக்கு வந்த ஒரு பழைய மாங்காய் மாலை. ஒரு மாங்காயில் கல் விழுந்து, குழியில் கறுத்த அரக்கு வெறுமனே தெரிகிறது. பக்கத்து மாங்காய் முழுசாக இருக்கிறது. கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. இப்போது எங்கள் பக்கத்தில் அந்தப் படத்தைத்தான் முதலில் வைத்திருக்கிறேன். விலையைக் கேட்டு வந்த மெசேஜ்களுக்கு நடுவே "நீங்கள் பழுது பார்ப்பீர்களா, பாட்டியின் ராக்கொடி இருக்கிறது" என்று கேட்டு வர ஆரம்பித்தது இதற்கப்புறம்தான்.

இரண்டாவது தொகுப்பு ஃபேஷன். தெரிந்த ஒரு கல்லூரிப் பெண், நன்றாக ஆடுவாள், அவளை வைத்து எடுத்தது. பட்டும் ஜரிகையும் இல்லாமல் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையில், கட்டம் போட்ட அரக்கு நிறமும் மஞ்சளும். கழுத்தில் அட்டிகை மட்டும், வேறொன்றுமில்லை. இன்னொன்றில் வெள்ளைப் பருத்திச் சட்டை, காலர் பட்டன் போட்டு, அதன்மேல் மாங்காய் மாலை. மற்றொன்றில் சாதாரணக் கொண்டையில் ராக்கொடி மட்டும், முதுகுப்பக்கமிருந்து. தினமும் வேலைக்குப் போகும் பெண் இதில் ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். முழு செட் வாங்க முடியாதவர்கள் ராக்கொடி மட்டும் கேட்டு வருகிறார்கள். எனக்கு இது தோன்றவே இல்லை. மேடைக்கான நகை என்று மட்டும்தான் பார்த்து வளர்ந்திருக்கிறேன்.

இந்தத் தொகுப்பிலேயே எனக்குப் பிடித்தது, ஆடி முடித்து ஒட்டியாணத்தைக் கழற்றிய இடுப்பு. தோலில் ஒட்டியாணத்தின் ஓரம் பதிந்த தடமும், பக்கத்தில் கையில் பிடித்த ஒட்டியாணமும். எடை, இறுக்கம், வளைவு எல்லாம் அந்தத் தடத்தில் இருக்கிறது. அதைப் பார்த்தபின் ஓர் ஆசாரி ஒட்டியாணத்தின் உள்விளிம்பை இன்னும் நன்றாக ராவ வேண்டும் என்று தானாகவே சொன்னார். இந்தப் படத்தைப் பொதுவில் போடலாமா என்று அந்தப் பெண்ணிடமும் அவளுடைய அம்மாவிடமும் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கியபிறகே மாணவி எனக்குக் கொடுத்தாள். நான் சொல்லாமலே செய்தாள். இதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

தோவாளை மாணிக்க மாலையை வைத்து எடுத்தது தனி அழகு. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் தோவாளைப் பூச்சந்தை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்துப் பட்டையாகக் கட்டுவார்கள், தள்ளி நின்று பார்த்தால் கல் பதித்த மாதிரியே இருக்கும். அதை அட்டிகைக்குப் பக்கத்தில் நீளமாக விரித்து, இரண்டும் ஒரே அகலத்தில் தெரியும்படி எடுத்திருக்கிறாள். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. மாணவி திருநெல்வேலிக்காரப் பெண், தோவாளை வழியாகப் பஸ்ஸில் போனவள்தான், ஆனாலும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு கண் வேண்டும்.

சண்டை வந்தது தண்ணீரில். உருளியில் நீர் நிரப்பி, பூ மிதக்க, நகையை நீருக்குள் போட்டு எடுக்கலாம் என்றாள். பார்க்க அழகாக இருக்கும், எல்லாரும் எடுக்கிறார்கள். நான் முடியவே முடியாது என்றேன். அரக்கு வைத்து ரேக்குப் படிய வைத்த நகையை நீரில் முக்கினால் நாளடைவில் கல் கழன்றுவிடும். வியர்வை பட்டாலே துடைத்து வையுங்கள், சென்ட் அடித்தபிறகு நகையைப் போடுங்கள் என்று பார்சலில் சீட்டு வைத்து அனுப்புகிறவள் நான். தண்ணீரில் கிடக்கும் படத்தைப் போட்டால் வாங்குகிறவர் அதைக் கழுவலாம் என்றுதான் நினைப்பார். விளக்கியதும் புரிந்துகொண்டாள். உருளி நீருக்கு மேல் கண்ணாடித் தகடு போட்டு அதில் நகையை வைத்து எடுத்துக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்ப்பவருக்கு அது நீரில் கிடப்பதாகவே தோன்றியதால் அதையும் வேண்டாம் என்றுவிட்டேன். சாம்பிராணிப் புகையில் எடுத்த படங்களும் எனக்கு வேண்டாம். புகை முன்னால் வந்து ரேக்கின் ஓரத்தை மறைக்கிறது. அந்தப் படங்களை அவள் தன் கல்லூரி வேலைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

நிஜமான குறை என்று நான் சொல்வது ஒன்று. தலைசாமான் படம் ஒன்றைக் கணினியில் இடவலமாகத் திருப்பிவிட்டாள். முகம் மறுபக்கம் பார்த்தால் பக்க அமைப்பு நன்றாக இருக்கும் என்பதற்காக. சூரியப் பிறை வலப்பக்கம், சந்திரப் பிறை இடப்பக்கம் அணிவது முறை. திருப்பியதில் அது மாறிப்போய், சேலை முந்தானையும் வலது தோளுக்கு வந்துவிட்டது. டொராண்டோவில் நடனம் சொல்லிக் கொடுக்கும் ஒரு டீச்சர் பார்த்தவுடனே கண்டுபிடித்து, "சூரியனும் சந்திரனும் இடம் மாறி இருக்கிறார்களே" என்று எழுதினார். நகை செய்கிற வீட்டுப் பக்கத்தில் அப்படி ஒரு படம் இருக்கக் கூடாது. சொன்ன அன்றே அவள் மாற்றிவிட்டாள், இனி எந்தப் படத்தையும் திருப்புவதில்லை என்றும் சொன்னாள். இருந்தாலும் நீங்கள் யாரிடம் நகைப் படம் எடுத்தாலும் மூக்குத்தி எந்தப் பக்கம், முந்தானை எந்தத் தோளில் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு ஒரு கிளிக்கில் திருப்புவது பழக்கமாகிவிட்டது.

இன்னொன்று தாமதம். கல்லூரியில் ஜூரி (மாணவர் வேலையை மதிப்பிடும் தேர்வு) வந்தால் அவளை எதிர்பார்க்க முடியாது. முதல் தொகுதி சொன்ன தேதிக்கு வந்தது, இரண்டாவது நன்றாகவே தள்ளிப்போனது. மார்கழிக் கச்சேரி சீசனுக்கோ நவராத்திரிக்கோ படம் வேண்டும் என்றால் ஆடியிலேயே பேசிவிடுங்கள். கடைசி நேரத்தில் போய் நின்றால் உங்களுக்கும் டென்ஷன், அவளுக்கும் டென்ஷன்.

பணம்: காட்டலாக் படத்துக்கு ஓர் உருப்படிக்கு 300 ரூபாய், நான்கு படமும் திருத்தமும் சேர்த்து. தொகுப்பு வேலைக்கு ஒரு நாளைக்கு 8,000 ரூபாய். பஸ் செலவு, சாப்பாடு, தங்க இடம் நம் பொறுப்பு, மாடலுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டிலேயே தங்கினாள், அம்மா கையால் தினமும் ரசவடை. மாணவிதானே என்று பேரம் பேசாதீர்கள். லென்ஸ் வாடகைக்கு எடுத்து வருகிறாள், திருத்த வேலையில் இரவு முழுக்க உட்காருகிறாள்.

படம் யாருக்குச் சொந்தம் என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் கேட்டு எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது நாம். இது அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தெரிவதில்லை. சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாமல், அவள் தன் போர்ட்ஃபோலியோவிலும் கல்லூரிக் கண்காட்சியிலும் இந்தப் படங்களைக் காட்டலாம், நாங்கள் போடும் இடமெல்லாம் படம் எடுத்தவர் என்று அவள் பெயர் வரும், அவள் காட்டும் இடமெல்லாம் நகை செய்த ஆசாரியின் பெயர் வரும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். படிப்பு முடிந்ததும் அவள் பெயரை எல்லாப் படத்திலும் சேர்த்துவிடுவேன். ஆசாரியின் பெயரைச் சேர்க்கச் சொன்னது அவள்தான்.

இதே சமயத்தில் ஒரு விளம்பரக் கம்பெனி ஏஐ-யில் படம் செய்து தருவதாகச் சொல்லி மாதிரி அனுப்பியது. நகையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், மாடல் கழுத்தில் போட்டுத் தருவார்களாம், செலவும் குறைவு. மாதிரியைப் பெரிதாக்கிப் பார்த்தால் மாங்காய் மாலையில் மாங்காய்களின் எண்ணிக்கையே மாறியிருந்தது, நடுப் பதக்கத்தில் அன்னத்தின் கழுத்து பாதியில் நின்றிருந்தது. ஆசாரி செய்யாத ஒரு நகை அது. அதைக் காட்டி ஆர்டர் எடுத்துவிட்டு எங்கள் நகையை அனுப்பினால் அது ஏமாற்று வேலை. வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன்.

பளபளவென்று ஒரே மாதிரி நூறு படம் ஒரு வாரத்தில் வேண்டும் என்பவர்களுக்கு இவள் சரிப்பட மாட்டாள். கைவேலைச் சாமான் செய்கிறவர்கள், நெசவுக்காரர்கள், பழைய நகையை ஆவணமாக எடுத்து வைக்க நினைக்கும் குடும்பங்கள், மேடைக்குப் படம் வேண்டும் என்கிற நாட்டியக்காரர்கள் தைரியமாகக் கேட்கலாம். எனக்கு மெசேஜ் போடுங்கள், அவளிடம் கேட்டுவிட்டு நம்பர் தருகிறேன்.

அடுத்து ஜடை நாகம் எடுக்கப் பேசியிருக்கிறோம். தலை உச்சியிலிருந்து ஜடை நுனிக் குஞ்சலம் வரை ஒரே நீளமாக வரும் சாமான் அது, பின்னல் வளைய வளையத் தானும் வளைய வேண்டும். தட்டையாக விரித்து எடுத்தால் அந்த வளைவு தெரியாது, ஆடும்போது எடுத்தால் கல் மங்கிவிடும். பொங்கல் கழிந்து வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஆசாரி கடைசிப் பட்டையில் ரேக்கு வைத்து முடித்துவிடுவார். நிஜ மல்லிகைதான் சுற்ற வேண்டும், படத்தைத் திருப்பக் கூடாது என்ற இரண்டு நிபந்தனையையும் அவளே தாளில் எழுதி அனுப்பிவிட்டாள்.